டெல்டாவில் இருந்தபடியே முதல் ஆய்வுநிதி: இளம் மருத்துவ ஆய்வாளர்களுக்கு ஒரு வழிகாட்டி

தஞ்சாவூரிலோ திருவாரூரிலோ நாகப்பட்டினத்திலோ வார்டில் வேலை பார்க்கும் இளம் மருத்துவர் யாரைக் கேட்டாலும், மனதில் ஒரு கேள்வி வைத்திருப்பார். நடவு நேரத்தில் ஏன் இவ்வளவு பேர் காய்ச்சலோடு மஞ்சள் காமாலையும் சேர்ந்து வருகிறார்கள்? விரியன் கடித்துப் பிழைத்துப் போனவர்களின் சிறுநீரகம் ஆறு மாதம் கழித்து எப்படி இருக்கிறது? சர்க்கரை மாத்திரை வீடு தேடி வந்தும் சிலர் ஏன் சாப்பிடுவதில்லை? இவை ஒவ்வொன்றும் நல்ல ஆய்வாக வளரக்கூடியவை. ஆனால் பணம் எங்கே கிடைக்கும், யாரிடம் போவது, எதில் தொடங்குவது என்று தெரியாமல் பெரும்பாலான கேள்விகள் ஹாஸ்டல் பேச்சோடு நின்றுவிடுகின்றன.

ஆய்வுநிதி என்றாலே சென்னை, வேலூர், டெல்லி என்ற எண்ணம் நம் பக்கத்தில் ஆழமாக ஊறியிருக்கிறது. அந்த ஊர்களுக்குச் சில வசதிகள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் நிதி தருகிறவர்கள் தேடுவது நோயாளிகளுக்கு அருகில் இருக்கும் ஆய்வாளரை. அந்த வகையில் டெல்டாக்காரர்கள் கையில் இருப்பது பெரிய முதல். எம்.பி.பி.எஸ். மாணவர், முதுநிலை மாணவர், புதிதாகச் சேர்ந்த உதவிப் பேராசிரியர் ஆகியோரை நினைத்து இதை எழுதுகிறேன். செவிலியரும் பிசியோதெரபி, மருந்தியல் படித்தவர்களும் தங்களுக்குப் பொருந்துவதை எடுத்துக்கொள்ளலாம்.

முதல் படி: கேள்வியை எழுதி வையுங்கள்

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் திட்டங்களின் பட்டியலைத்தான் முதலில் தேடுகிறார்கள். எந்த அறிவிப்பு திறந்திருக்கிறதோ அதற்கு ஏற்றாற்போல் ஒரு தலைப்பைத் தைக்கிறார்கள். அப்படித் தைத்த தலைப்பை மதிப்பீட்டாளர்கள் இரண்டாவது பத்தியிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். அதனால் கேள்வி முதலில், திட்டம் அப்புறம்.

கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுத முடிய வேண்டும். யாரிடம், எதைப் பார்க்கப் போகிறோம், எதனோடு ஒப்பிடுகிறோம், எந்த விளைவை அளக்கிறோம் என்ற நான்கும் அந்த வாக்கியத்தில் இருக்க வேண்டும். "பாம்புக்கடி பற்றிய ஓர் ஆய்வு" என்பது கேள்வியாகாது. "கண்ணாடி விரியன் கடித்துச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டுச் சேர்ந்தவர்களில் எத்தனை விழுக்காட்டினருக்கு 3 மாதம் கழித்தும் கிரியாட்டினின் அளவு இயல்புக்கு வரவில்லை?" என்பது கேள்வி. (கிரியாட்டினின் என்பது சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்பதைக் காட்டும் ரத்த அளவு.) இந்த எடுத்துக்காட்டையே கட்டுரை முழுவதும் வைத்துக்கொள்கிறேன்.

பாம்புக்கடியை எடுத்ததற்குக் காரணம் உண்டு. வரப்பில் நடக்கிறவர்கள், நாற்றுப் பறிக்கிறவர்கள், வைக்கோல் போர் பிரிக்கிறவர்கள் நம் ஊரில் ஏராளம். மத்திய அரசு 2024 மார்ச்சில் பாம்புக்கடித் தடுப்புக்கான தேசியச் செயல்திட்டத்தை வெளியிட்டது. 2030-க்குள் இறப்பைப் பாதியாகக் குறைப்பது அதன் இலக்கு. அதே ஆண்டு நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை அறிவிக்கை செய்ய வேண்டிய நோயாக்கியது. அதாவது, இந்தக் கேள்விக்கு இப்போது அரசின் கவனமும் இருக்கிறது. விண்ணப்பத்தில் 'இந்த ஆய்வு ஏன் இப்போது' என்ற பகுதியில் எழுத வேண்டியது இதுதான்.

இதோடு ஓர் உண்மையையும் சேர்த்து யோசியுங்கள். இந்தியாவில் கிடைக்கும் விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்கின் விஷத்தைக் கொண்டு தயாராகிறது. அதற்கான விஷத்தின் பெரும்பகுதி செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் உள்ள இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து போகிறது. ஒரே இனப் பாம்பானாலும் விஷத்தின் தன்மை இடத்துக்கு இடம் மாறும். அப்படியென்றால் வேதாரண்யத்துக் கண்ணாடி விரியன் கடிக்கு எத்தனை குப்பி மருந்து தேவைப்படுகிறது என்று யாராவது ஒழுங்காகக் கணக்கெடுத்தால் அது டெல்லியில் உட்கார்ந்திருப்பவருக்கும் பயன்படும்.

பாம்புக்கடி உங்கள் துறையாக இல்லாமலும் இருக்கலாம். எலிக்காய்ச்சல், ஸ்க்ரப் டைபஸ், பூச்சிமருந்து நஞ்சு, கும்பகோணம் பக்கத்து யானைக்கால் நோயாளிகளின் கால் பராமரிப்பு, வெயிலில் களை எடுக்கும் பெண்களின் சிறுநீரக நலம் என்று எதுவாகவும் இருக்கட்டும். நீங்கள் தினம் பார்ப்பதிலிருந்து எடுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் போன்ற திட்டங்கள் ஊருக்குள் எப்படி நடக்கின்றன என்பதும் ஆய்வுக்குரிய பொருள்தான்.

இரண்டாம் படி: வழிகாட்டியும் அடிப்படைப் பயிற்சியும்

துறைத் தலைவர்தான் வழிகாட்டியாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கடைசி ஐந்தாறு ஆண்டுகளில் கட்டுரை வெளியிட்டவர், நீங்கள் அனுப்பும் வரைவைப் படித்துத் திருத்தித் தருகிறவர், மாதம் ஒரு மணி நேரம் உட்காரத் தயாராக இருப்பவர் யார் என்று பாருங்கள். உங்கள் கல்லூரியில் சமூக மருத்துவத் துறை இருக்கிறது. அங்கே புள்ளியியல் தெரிந்தவர் ஒருவராவது இருப்பார். முதல் வாரமே அவரைப் போய்ப் பாருங்கள். தரவு சேர்த்து முடித்த பிறகு போனால் அவரால் செய்யக்கூடியது கொஞ்சம்தான்.

வெளியிலிருந்து இன்னொரு வழிகாட்டியைச் சேர்த்துக்கொள்வது விண்ணப்பத்துக்கு மிகவும் வலு. சென்னையில் ஐ.சி.எம்.ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின்) தேசியத் தொற்றுநோயியல் நிறுவனமும் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் இருக்கின்றன. பூச்சிகளால் பரவும் நோய் என்றால் புதுச்சேரியில் வெக்டர் கன்ட்ரோல் ரிசர்ச் சென்டர். ஜிப்மருக்குக் காரைக்காலிலேயே கிளை உண்டு. ஆய்வகத் துணை வேண்டுமானால் தஞ்சாவூர் சாஸ்த்ராவிலும் திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்திலும் உயிரியல் துறைகள் இருக்கின்றன. அவர்களிடம் கருவி இருக்கிறது, உங்களிடம் நோயாளி இருக்கிறார். இரு தரப்புக்கும் தேவை இருப்பதால் தயங்காமல் கேட்கலாம். முதல் மின்னஞ்சல் பத்து வரிக்குள் இருக்கட்டும்: கேள்வி என்ன, உங்கள் மருத்துவமனையில் மாதம் எத்தனை நோயாளிகள், அவரிடம் எதிர்பார்ப்பது என்ன. சுயவிவரம் முழுவதையும் அதில் கொட்ட வேண்டாம்.

பயிற்சிக்கு, தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் நடத்தும் உயிரிமருத்துவ ஆய்வு அடிப்படைப் படிப்பு இணையவழியில் கிடைக்கிறது. முதுநிலை மாணவர்களுக்கு அது கட்டாயம் என்பதால் பலர் சான்றிதழுக்காக மட்டும் ஓட்டிவிடுகிறார்கள். அந்தப் பாடங்களை உண்மையாகவே கேட்டால் விண்ணப்பத்தில் பாதி எழுதத் தெரிந்துவிடும். எம்.பி.பி.எஸ். மாணவர்களும் சேரலாம்.

மூன்றாம் படி: உங்கள் நிலைக்கு எது பொருந்தும்

நிதித் திட்டங்களின் தொகை, வயது வரம்பு, கடைசித் தேதி எல்லாம் ஆண்டுக்காண்டு மாறும். கீழே சொல்வதை வைத்து எதைத் தேடுவது என்று முடிவு செய்துகொண்டு, அந்தந்த ஆண்டின் அறிவிப்பை வரி விடாமல் படியுங்கள்.

எம்.பி.பி.எஸ். அல்லது பி.டி.எஸ். படிக்கிறவர்களுக்கு ஐ.சி.எம்.ஆரின் குறுகிய கால மாணவர் ஆய்வுத் திட்டம் இருக்கிறது. எஸ்.டி.எஸ். என்று சொன்னால் எல்லாருக்கும் தெரியும். 1979 முதல் நடந்து வருகிறது. இரண்டு மாதத்தில் முடியக்கூடிய சின்ன ஆய்வு, உங்கள் கல்லூரி ஆசிரியர் ஒருவர் வழிகாட்டி. அறிக்கை ஏற்கப்பட்ட பிறகுதான் உதவித்தொகை வரும் என்பதால் செலவில்லாத ஆய்வாகத் திட்டமிடுங்கள். ஹவுஸ் சர்ஜன் ஆகிவிட்டால் இதற்குத் தகுதி போய்விடும். ஆகையால் இரண்டாம், மூன்றாம் ஆண்டே நல்ல நேரம். ஓர் ஆசிரியர் ஒரு மாணவருக்குத்தான் வழிகாட்டியாக இருக்க முடியும், எனவே முந்திக்கொண்டு கேட்பவருக்கே வாய்ப்பு. இதில் கிடைக்கும் பணம் சிறியது. ஆனால் பிற்காலத்தில் பெரிய ஃபெல்லோஷிப்புக்கு விண்ணப்பிக்கும்போது, இருபது வயதிலேயே ஓர் ஆய்வை எழுதி முடித்தவர் என்ற அடையாளம் கூடவே வரும்.

தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றம் 1984-இல் தொடங்கியது. இறுதியாண்டு மாணவர்களின் ப்ராஜெக்டுகளுக்குச் சிறு தொகை கொடுக்கும் திட்டம் அவர்களிடம் உண்டு. மருத்துவம் சார்ந்த தலைப்புகளுக்கும் இடம் இருக்கிறது. இளம் ஆய்வாளர்கள் வேறொரு நிறுவனத்தில் சில மாதம் போய்ப் பயிற்சி பெறவும் அங்கே ஃபெல்லோஷிப் உண்டு. டெல்டாவிலிருந்து கிளம்பி ஓர் ஆய்வகத்தில் கைப்பழக்கம் பெற விரும்புகிறவர்கள் இதை விடக்கூடாது.

முதுநிலை மாணவர்களுக்கு முதல் கதவு தீசிஸ். எம்.டி., எம்.எஸ்., டி.எம். ஆய்வேடுகளுக்கு ஐ.சி.எம்.ஆர். உதவித்தொகை தருகிறது. காசநோய் சார்ந்த தலைப்பு என்றால் தேசியக் காசநோய் ஒழிப்புத் திட்டம் தீசிஸுக்கும் செயல்முறை ஆய்வுக்கும் தனியாகவே நிதி வைத்திருக்கிறது. உங்கள் கல்லூரியின் காசநோய்க் கோர் கமிட்டி வழியாக மாநிலக் குழுவுக்கு விண்ணப்பம் போகும். தமிழ்நாட்டில் இந்தத் துறையில் வேலை செய்ய நல்ல காலம் இது. 2022-இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டம் நோயாளியைச் சேர்க்கும் அன்றே எடை, மூச்சுத்திறன், நிற்க முடிகிறதா என்பதைப் பார்த்து, ஆபத்தில் இருப்பவரை உடனே அட்மிட் செய்யும் முறையை மாநிலம் முழுக்கக் கொண்டுவந்தது. அது உங்கள் மாவட்டத்தில் எப்படி நடக்கிறது என்பதே ஒரு தீசிஸ்.

படிப்பு முடித்து நிரந்தரப் பணியில் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்தவர்களுக்குத்தான் வாய்ப்புகள் மிக அதிகம், கவனிக்கிறவர்கள் மிகக் குறைவு. 2023-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி நிறுவனம், முன்பிருந்த அறிவியல் பொறியியல் ஆராய்ச்சி வாரியத்தை (எஸ்.இ.ஆர்.பி.) உள்ளடக்கிக்கொண்டது. அதன் பிரதம மந்திரி ஆரம்பநிலை ஆய்வாளர் நிதி, 3 ஆண்டுகளுக்கு 60 லட்சம் ரூபாய் வரை தருகிறது. பிஎச்.டி. இல்லாவிட்டாலும் எம்.டி., எம்.எஸ்., எம்.டி.எஸ். போதும். ஒரு நிபந்தனையை மட்டும் மறக்காதீர்கள்: பணியில் சேர்ந்து இரண்டு ஆண்டுகளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும், வயதும் 42-ஐத் தாண்டக்கூடாது. வேலையில் சேர்ந்து செட்டில் ஆகிவிட்டுப் பார்க்கலாம் என்று இருந்தால் அந்த ஜன்னல் மூடிவிடும். சேர்ந்த மாதமே கேள்வியை எழுதத் தொடங்குங்கள்.

ஐ.சி.எம்.ஆர். தன் நிறுவனங்களுக்கு வெளியே இருப்பவர்களுக்குத் தரும் வெளிநிறுவன ஆய்வுநிதியில் சிறு நிதி என்ற பிரிவே 2 கோடி ரூபாய் வரை போகிறது. பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், முதல் ஆய்வுக்கு அது பெரிய தொகை. அதற்குப் போகுமுன் ஒரு முன்னோட்ட ஆய்வு செய்து, அதன் எண்களைக் கையில் வைத்துக்கொண்டு போவதே நல்லது என்பது என் கருத்து. மத்திய அரசின் சுகாதார ஆராய்ச்சித் துறையும் இளம் ஆய்வாளர்களுக்கு ஃபெல்லோஷிப் வைத்திருக்கிறது. குழந்தை, குடும்பம் என்று இடைவெளி விட்ட பெண்கள் திரும்பி வர அங்கே தனித் திட்டம் இருக்கிறது. பயோடெக்னாலஜி துறையின் பயோகேர் திட்டமும் பெண் ஆய்வாளர்களுக்கானது. மகப்பேறு முடிந்து வந்த டாக்டர் ஒருவர் "இனி என் ஆய்வு அவ்வளவுதான்" என்று சொல்லும்போது எனக்கு மனசு கேட்பதில்லை. அவருக்காகவே எழுதி வைத்த திட்டங்கள் இவை. தயவுசெய்து தோழிகளுக்குச் சொல்லுங்கள்.

இந்தியா அலையன்ஸ் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பயோடெக்னாலஜி துறையும் பிரிட்டனின் வெல்கம் அறக்கட்டளையும் சேர்ந்து 2008-09-இல் தொடங்கியது. 2025 அக்டோபரில் மத்திய அமைச்சரவை இதன் மூன்றாம் கட்டத்துக்கு 1,500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது. 1,000 கோடி இந்திய அரசு, 500 கோடி வெல்கம். மருத்துவர்களுக்கும் பொதுச் சுகாதாரத் துறையினருக்கும் தனிப் பிரிவு இருக்கிறது. மருத்துவர்களுக்குப் பிஎச்.டி. கட்டாயமில்லை, வயது வரம்பும் கிடையாது. சம்பளம், ஆய்வுச் செலவு, பயிற்சி எல்லாம் சேர்த்துப் பல ஆண்டுகளுக்குத் தருகிறார்கள். முதலில் சுருக்க விண்ணப்பம், தேர்வானால் முழு விண்ணப்பம், அப்புறம் நேர்காணல். இங்கே ஆளைத்தான் முதலில் பார்ப்பார்கள்: ஐந்து ஆண்டு கழித்து இவர் தனியாக நிற்கும் ஆய்வாளராக வளர்வாரா என்று. அதனால் ஆய்வு வடிவத்தோடு உங்கள் வளர்ச்சித் திட்டத்தையும் அதே அக்கறையோடு எழுத வேண்டும். எந்தத் திறமை குறைகிறது, அதை எங்கே போய்க் கற்கப் போகிறீர்கள், யாரிடம் என்று. கல்லூரி உங்களுக்கு ஆய்வு நேரம் ஒதுக்கித் தரும் என்ற கடிதம் இதற்கு உயிர்நாடி. ஆறேழு மாதம் முன்பே டீனிடம் பேசத் தொடங்க வேண்டும்.

வெளிநாட்டு நிதிகளில் தொடக்கநிலைக்கு மிகவும் பொருத்தமானது ராயல் சொசைட்டி ஆஃப் டிராபிகல் மெடிசின் அண்ட் ஹைஜீன் தரும் இளம் ஆய்வாளர் நிதி. 5,000 பவுண்டு வரை, ஓராண்டில் முடிக்க வேண்டும். பாம்புக்கடி, எலிக்காய்ச்சல், யானைக்கால் எல்லாம் அவர்கள் வட்டத்துக்குள் வருகிறவை. உலக சுகாதார நிறுவனத்தோடு இணைந்த வெப்பமண்டல நோய் ஆராய்ச்சித் திட்டமான டி.டி.ஆர்., செயல்முறை ஆய்வுக்கான சார்ட்-இட் பயிற்சியை நடத்துகிறது. தரவு கையில் இருந்து எழுதத் தெரியாதவர்களுக்கு அது பொருந்தும்.

ஓர் எச்சரிக்கை. 'சர்வதேச ஃபெல்லோஷிப்புக்குத் தேர்வாகிவிட்டீர்கள், செயலாக்கக் கட்டணம் அனுப்புங்கள்' என்று வரும் மின்னஞ்சல்களுக்குப் பதில் போடாதீர்கள். ஆய்வுநிதி தருகிறவர் உங்களுக்குப் பணம் தருவார், உங்களிடம் கேட்க மாட்டார்.

நான்காம் படி: எண்ணிக்கையும் பயிர்க் காலமும் பணமும்

விண்ணப்பத்தில் மதிப்பீட்டாளர் கை வைக்கும் முதல் இடம் சாம்பிள் அளவு. நம் எடுத்துக்காட்டையே போட்டுப் பார்ப்போம். விரியன் கடித்துச் சிறுநீரகம் பாதித்தவர்களில் 30 விழுக்காட்டினருக்கு 3 மாதத்திலும் கிரியாட்டினின் இறங்கியிருக்காது என்று ஓர் ஊகம் வைத்துக்கொள்வோம். இந்த எண்ணை முந்தைய ஆய்வுகளிலிருந்தோ உங்கள் வார்டுப் பதிவேட்டிலிருந்தோ எடுக்க வேண்டும். 5 விழுக்காடு முன்பின் துல்லியம் வேண்டுமென்றால், 1.96-இன் (95 விழுக்காடு உறுதிக்கான எண்) வர்க்கத்தை 0.3-ஆலும் 0.7-ஆலும் பெருக்கி, 0.05-இன் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். 323 பேர். பத்தில் ஒருவர் திரும்பி வராமல் போவார் என்று சேர்த்தால் 359.

சரி, உங்கள் மருத்துவமனையில் மாதம் 8 பேர்தான் இப்படி வருகிறார்கள் என்றால்? 359 பேரைச் சேர்க்க ஏறத்தாழ 45 மாதம். மூன்றாண்டு முதுநிலைப் படிப்பில் நடக்காது. துல்லியத்தை 10 விழுக்காடாகத் தளர்த்தினால் 81 பேர், இழப்பையும் சேர்த்து 90. ஏறக்குறைய ஓராண்டில் முடியும். இல்லையென்றால் பக்கத்து மாவட்டக் கல்லூரியையும் சேர்த்துக்கொண்டு இரண்டு மையங்களில் நடத்தலாம். இந்தக் கணக்கை விண்ணப்பத்தில் அப்படியே எழுதுங்கள். பதிவேட்டைப் புரட்டி எண்ணிப் பார்த்தவர் என்பது மதிப்பீட்டாளருக்கு உடனே தெரியும்.

அப்புறம் கால அட்டவணை. வெளியூர்க்காரர் எழுதும் அட்டவணையில் பன்னிரண்டு மாதமும் ஒன்றுபோல இருக்கும். டெல்டாவில் அப்படி இல்லை. ஜூன் 12-இல் மேட்டூர் திறந்தால் குறுவை வேலை தொடங்கிவிடும். செப்டம்பர், அக்டோபரில் குறுவை அறுப்பு, அதன் மேலேயே சம்பா, தாளடி நடவு. அடுத்து வடகிழக்குப் பருவமழை. தை, மாசியில் சம்பா அறுவடை. நடவுக் காலத்திலும் அறுப்புக் காலத்திலும் கூலி விட்டுவிட்டு யாரும் ஃபாலோ-அப்புக்கு வர மாட்டார்கள். அதே நேரத்தில்தான் புது நோயாளிகள் அதிகம் சேர்வார்கள். எனவே அந்த மாதங்களில் சேர்க்கைக்கு முன்னுரிமை கொடுத்து, ஃபாலோ-அப்பைத் தொலைபேசி வழி விசாரிப்பாகவும் வீட்டுக்குப் போய் ரத்தம் எடுப்பதாகவும் திட்டமிட வேண்டும். நவம்பர், டிசம்பரில் புயலுக்கென ஒரு மாதத் தளர்வும் விடுங்கள். 2018 நவம்பர் 16 அன்று கஜா கரையைக் கடந்த பிறகு வேதாரண்யம் பக்கம் மின்சாரமும் சாலையும் எவ்வளவு நாள் தடைபட்டன என்பது இங்கே இருப்பவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ரத்த மாதிரி வைக்கும் ஃப்ரீசருக்கு ஜெனரேட்டர் இணைப்பு உண்டா என்பதையும் அந்தப் பத்தியில் எழுதலாம்.

பட்ஜெட்டில் பொதுவாக ஐந்து தலைப்புகள்: ஆட்கள், நுகர்பொருட்கள், பயணம், இதரச் செலவு, நிறுவனத்துக்கான மேல்செலவு. கருவி வாங்கினால் அது தனி. புதியவர்கள் கருவியில் அதிகமும் ஆட்களில் குறைவாகவும் போடுகிறார்கள். தலைகீழாகச் செய்யுங்கள். நோயாளியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் தேதி நினைவூட்டும் ஒரு களப்பணியாளர், உள்ளூர்ப் பேச்சு தெரிந்தவராக இருந்தால், எந்தக் கருவியும் தராத பலனைத் தருவார். ரத்தம் உறைகிறதா என்று பார்க்கும் 20 நிமிடச் சோதனைக்குச் சுத்தமான, காய்ந்த கண்ணாடிக் குழாய் போதும். இரண்டு மில்லி ரத்தத்தை அசைக்காமல் வைத்துவிட்டுச் சாய்த்துப் பார்க்கிற வேலை. அதற்குப் பெரிய கருவி கேட்டு எழுதினால் கேள்வி வரும்.

நோயாளியின் பயணத்தையும் கூலி இழப்பையும் கட்டாயம் பட்ஜெட்டில் சேர்க்க வேண்டும். முத்துப்பேட்டையிலிருந்தோ கோடியக்கரையிலிருந்தோ தஞ்சாவூருக்கு வந்து போவது ஒரு முழு நாள். வருகைக்கு 500 ரூபாய், ஒருவருக்கு இரண்டு வருகை, 90 பேர் என்றால் 90,000 ரூபாய். இதை விட்டுவிட்டு 'நோயாளிகள் திரும்பி வரவில்லை' என்று பின்னால் எழுதுவது அவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

ஐந்தாம் படி: நெறிமுறைக் குழுவும் பதிவும்

எத்திக்ஸ் கமிட்டியின் ஒப்புதல் இல்லாமல் ஒரு நோயாளியைக்கூடச் சேர்க்கக் கூடாது. குழு சரியான இடத்தில் பதிவு பெற்றிருக்கிறதா என்றும் பாருங்கள். 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகளின்படி, மருந்துப் பரிசோதனைகளைப் பார்க்கும் குழு மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பிலும், மற்ற மருத்துவ ஆய்வுகளைப் பார்க்கும் குழு சுகாதார ஆராய்ச்சித் துறையிலும் பதிந்திருக்க வேண்டும். நிதி தருகிறவர்கள் அந்தப் பதிவு எண்ணைக் கேட்பார்கள். குழு எப்போது கூடும் என்று செயலரிடம் முன்பே விசாரித்து, கடைசித் தேதிக்கு இரண்டு கூட்டம் முன்னதாகவே கோப்பைக் கொடுங்கள்.

ஒப்புதல் படிவம் தமிழில் இருந்தால் மட்டும் போதாது, நோயாளி பேசும் தமிழில் இருக்க வேண்டும். ஆங்கிலப் படிவத்தை வரிக்கு வரி மாற்றியவை பல கல்லூரிகளில் சுற்றுகின்றன. 'பங்கேற்பாளரின் தன்னார்வத் தன்மை' என்று இருந்தால் யாருக்குப் புரியும்? "நீங்கள் வேண்டாம் என்று சொன்னாலும் இதே வைத்தியம் நடக்கும், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்" என்று எழுதுங்கள். எழுதியதை வார்டில் ஒரு துணையாளரிடம் படித்துக் காட்டி, என்ன புரிந்தது என்று அவரையே சொல்லச் சொல்லுங்கள்.

மருத்துவப் பரிசோதனை என்றால் இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவகத்தில், அதாவது சி.டி.ஆர்.ஐ.யில், முதல் நோயாளியைச் சேர்க்கும் முன்பே பதிய வேண்டும். கட்டணம் கிடையாது. வெளிநாட்டுப் பணமோ கூட்டாளியோ இருந்தால் சுகாதார அமைச்சகத்தின் திரையிடல் குழுவின் அனுமதியும் தேவை. ஐ.சி.எம்.ஆர். வழியாகத்தான் அதற்கு விண்ணப்பம் போகும். சின்ன பவுண்டுத் தொகைக்குமா என்று கேட்காதீர்கள், ஆம். வெளிநாட்டு நிதியை எந்தக் கணக்கில் வாங்கலாம் என்பதைக் கல்லூரிக் கணக்குப் பிரிவில் கேட்டுத் தெளிவு பெற்ற பிறகே விண்ணப்பியுங்கள்.

ஆறாம் படி: அலுவலகத்தில் கோப்பு நகர

அரசுக் கல்லூரிக்காரர்களுக்கு இது முக்கியம். துறைத் தலைவர், டீன், தேவைப்பட்டால் இயக்குநரகம் என்று தடையில்லாச் சான்று மேலே போய் இறங்க வேண்டும். கடைசி வாரம் கையெழுத்துக்கு ஓடினால் டீன் சென்னையில் மீட்டிங்கில் இருப்பார். வரைவு நிலையிலேயே ஒரு பக்கச் சுருக்கத்தைக் கொடுத்து வையுங்கள். நிதி கல்லூரியின் கணக்குக்குத்தான் வரும், உங்கள் கணக்குக்கு வராது. ஆய்வுக்கென்று தனி வங்கிக் கணக்கு இருக்கிறதா, இதற்கு முன் யார் ப்ராஜெக்ட் நடத்தினார்கள், ஆள் எடுக்க யார் உத்தரவு போடுவார் என்பதை அலுவலகக் கண்காணிப்பாளரிடம் உட்கார்ந்து பேசுங்கள். ஆய்வு நடக்குமா நடக்காதா என்பதில் அவருக்குப் பெரிய பங்கு இருக்கிறது. கல்லூரியில் பல்துறை ஆராய்ச்சிப் பிரிவு இருந்தால் அங்கே இந்த வழிமுறைகள் தெரிந்தவர்கள் இருப்பார்கள்.

முதுநிலை முடித்துப் பாண்டில் (கட்டாய அரசுப் பணி ஒப்பந்தத்தில்) இருப்பவர்கள் தங்கள் பணியிடம் எப்போது மாறும் என்பதை மறைக்காமல் எழுத வேண்டும். மாற்றல் வந்தால் ஆய்வை யார் தொடர்வார் என்று துணை ஆய்வாளர் ஒருவரின் பெயரையும் கொடுங்கள்.

ஏழாம் படி: மறுப்பு வந்தால், நிதி வந்தால்

முதல் விண்ணப்பம் பெரும்பாலும் திரும்பி வரும். கருத்துரை கொடுத்திருந்தால் ஒவ்வொன்றுக்கும் எதிரே என்ன மாற்றினீர்கள் என்று எழுதி, அடுத்த சுழற்சிக்கு அதையே அனுப்புங்கள். புதுத் தலைப்புக்குத் தாவ வேண்டாம்.

நிதி வந்துவிட்டால் ஒப்புதல் ஆணையில் உள்ள தொடக்கத் தேதியைப் பாருங்கள், கடிகாரம் அன்றிலிருந்து ஓடும். ஒவ்வொரு தலைப்பிலும் எவ்வளவு ஒதுக்கீடோ அதற்குள்ளேயே செலவு செய்ய வேண்டும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற முன் அனுமதி தேவை. நிதியாண்டு முடிவில் பயன்பாட்டுச் சான்றிதழும் செலவுக் கணக்கும் அனுப்பினால்தான் அடுத்த தவணை வரும். மத்திய அரசுப் பணத்துக்கு 2017 பொது நிதி விதிகளின் 12-ஏ படிவம். மார்ச் 31 வரை காத்திருக்காமல், மாதாமாதம் பில்களை எண் போட்டு ஒரு கோப்பில் ஒட்டி வாருங்கள். பேருந்துக் கட்டணம் வாங்கிய நோயாளியின் கையெழுத்தோ கைரேகையோ உள்ள ரசீதும் அதில் இருக்கட்டும். கையெழுத்துப் போடத் தெரியாதவர் என்றால் சாட்சியாகக் களப்பணியாளரை விட, கூட வந்த உறவினரை வையுங்கள்.